குறுக்குத் துணி

மத்தியானம் இரண்டு பத்து.

சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அந்த டார்ச்சை அணைத்து வையுங்கள், பேட்டரி வீணாகிறது. கரண்ட் இப்போதைக்கு வரப் போவதில்லை.

மத்தியானம் இரண்டு பத்து. வாய்க்கால் கரை ரோடு. ஒரு பக்கம் பாசி பிடித்து நகராமல் கிடக்கும் தண்ணீர். இன்னொரு பக்கம் மூடிப் போட்ட கிடங்கின் நீளச் சுவர். ஒதுங்க ஒரு செடி நிழல்கூடக் கிடையாது. தார் இளகி டயரில் ஒட்டும்... சர்ர், சர்ர் என்று ஒரு சத்தம். அந்த ரோட்டில் ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள் ஒரு நர்ஸ்.

என்னோடு ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிற நண்பன் ஒருவன். அவன் அக்காவைக் கட்டிக் கொடுத்த வீட்டில் நடந்தது இது. அந்த அக்காவின் நாத்தனார்தான் இந்த நர்ஸ். இங்கே நர்ஸுகளும் இருக்கிறீர்கள், வாலண்டியர்களும் இருக்கிறீர்கள். கேட்டு முடித்துவிட்டு யாரும் என்னோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எனக்கு ஸ்டீயரிங் பிடிக்க மட்டும்தான் தெரியும்.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவள் வேலை. புண் கழுவ வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கூட ஒரு வாலண்டியர் இருக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு நாள் பயிற்சி, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை, அவ்வளவுதான். நர்ஸும் வாலண்டியரும் கைகோத்து வேலை பார்த்தால் ஊரில் ஒருத்தருக்கும் படுக்கைப் புண் வராது என்று டாக்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். பாவம், நல்ல மனுஷன். இவர்கள் கைகோக்கவில்லை, குடுமியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நர்ஸுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். வேலையில் கெட்டிக்காரி, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வாய்தான். வாலண்டியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஹெட்மாஸ்டர்'. அவள் பதிலுக்கு அவர்களை 'அட்டை மாட்டிக்கிட்டு வர்றதுங்க' என்பாள்.

வாய்க்கால் கரை ரோட்டின் கடைசி வீடு, பழைய லாரி டிரைவர் ஒருவருடையது. ஆறடி உடம்பு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் பேசும். ஒரே மகள், மில்லில் ஷிஃப்ட் வேலை. காலையில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவாள். நடுவில் ஒரு தடவை, மத்தியானம் இரண்டு பத்துக்கு, அவரைத் திருப்ப வேண்டியது நர்ஸும் வாலண்டியரும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆளுக்கு அடியில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, குறுக்காக ஒரு துணி போட்டிருக்கும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். துணியின் ஓரத்தை உடம்புக்கு ஒட்டிச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிக்கொள்ள வேண்டும். நர்ஸ் எண்ணுவாள். ஒண்ணு... ரெண்டு... மூணு. மூணுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கித் திருப்ப வேண்டும். தரதரவென்று இழுத்தால் தோல் உரியும். ஒருத்தர் முந்தினால் தோள் மூட்டு நழுவி இறங்கும்.

அந்த வீட்டுக்கு வந்த வாலண்டியர் ஒரு தையல்காரி. ஐம்பது வயது இருக்கும். எல்லாருக்கும் தையல் அக்கா. முன் அறையில் இரண்டு மிஷின் போட்டுப் பிழைப்பு. புருஷன் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து போனவர். அந்த ஆறு வருஷமும் அவர் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட வராமல் பார்த்துக்கொண்டவள். வண்டி ஓட்டத் தெரியாது. உச்சி வெயிலில் அந்த ரோடு முழுக்க நடந்தே வருவாள். இடுப்பில் சாவிக்கொத்தும் சின்னக் கத்தரிக்கோலும் ஒரே கயிற்றில் தொங்கும். நடந்தால் கிளிங், கிளிங் என்று கேட்கும். கிட்ட வந்தால் மிஷின் எண்ணெய் வாசனையும் கஞ்சி போட்ட புதுத் துணி வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

ஒரு நாள் நர்ஸ் வர முக்கால் மணி நேரம் தாமதம். வந்து பார்த்தால், டிரைவர் அழகாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். முதுகுக்கு அண்டையாக ஒரு தலையணை. கண் மூடி நிம்மதியாகத் தூங்குகிறார்.

"யாரைக் கேட்டுத் திருப்பினீங்க?"

"நீங்க வர நேரமாச்சு சிஸ்டர். ஒரே பக்கமா கிடந்தாரு. முட்டியை மடக்கி, மெதுவாத்தான்..."

"தோள் இறங்கியிருந்தா? நீங்களா வந்து பதில் சொல்வீங்க? என் லைசென்ஸ்தான் போகும். ஜாக்கெட் தைக்கிற வேலைன்னு நெனச்சீங்களா இது?"

எல்லாம் சரியாக இருந்ததுதான் நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுத. அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினாள்: 'நர்ஸ் இல்லாமல் வாலண்டியர் நோயாளியைத் திருப்பக் கூடாது. நர்ஸ் மூன்று சொன்ன பிறகுதான் தூக்க வேண்டும்.' கீழே அக்காவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். "இதுக்கு மேல அவர் மேல ஒரு கீறல் விழுந்துச்சு, போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன். வெளையாட்டுன்னு நெனச்சுக்காதீங்க."

அக்கா பயந்துவிட்டாள். போலீஸ் என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

கொஞ்ச நாள் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரே அந்த வீட்டுக்கு வந்தார். டிரைவரின் முதுகைப் பார்த்தார். நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறாள், அவளை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார். "ஒன்றரை வருஷமா படுத்த மனுஷன் முதுகு இப்படி இருந்து நான் பார்த்ததில்லம்மா. உங்க கை நல்ல கை."

நர்ஸின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

புதன்கிழமை அவள் போகவில்லை.

உடம்பு சரியில்லை, வேறு அவசரம், அப்படி எதுவும் கிடையாது. ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல கையாமே, அந்தக் கை கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றும் நினைத்தாள். இரண்டரைக்குப் போன் அடித்தது. அக்காதான். கட் செய்தாள். மூன்று மணிக்கு அடித்தது. கட் செய்தாள். நாலு மணிக்கு ஃபோனையே அணைத்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமையும் அதே கதை.

வெள்ளிக்கிழமை போனாள். துணியை விலக்கிப் பார்த்தாள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் விட்டுப் போயிருந்தது. உள்ளங்கை அகலம். அது கோடைக்காலம், வியர்வையிலேயே ஊறிக் கிடந்த உடம்பு. இரண்டு நாள் தாராளமாகப் போதும். அந்த வாடை உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

தையல் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. இரண்டு நாளும் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும், போன் பண்ணின நேரம் போக, அவள் இரண்டு உள்ளங்கையையும் டிரைவரின் இடுப்புக்கு அடியில் கொடுத்து வைத்திருந்தாளாம். திருப்பக் கூடாது, கையெழுத்துப் போட்டாயிற்று. கையைக் கொடுத்துத் தாங்கக் கூடாது என்று எழுதவில்லையே. மகள் வந்த பிறகுதான் கையை எடுத்திருக்கிறாள். விரலை மடக்கவே முடியவில்லையாம்.

"ஏன் சிஸ்டர் வரல?"

அந்த ஒரு கேள்விதான் கேட்டாள். கத்தவில்லை. புண் கழுவத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் நர்ஸ் ஆணியிலிருந்து நோட்டை எடுத்து எழுதி முடித்துவிட்டாள். புதன், இரண்டு பத்து: வந்தேன். வாலண்டியர் வரவில்லை. தனியாகத் திருப்ப இயலவில்லை. வியாழன், இரண்டு பத்து: அதே.

அன்று சாயங்காலமே டிரைவரின் மகளை மில் வாசலில் போய்ப் பார்த்தாள். "பகல்ல யாரு வந்தா, யாரு வரலன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ வேலைக்குப் போயிருந்த. யோசிச்சுப் பேசு. நாளைக்கும் அந்தப் புண்ணைக் கழுவ நான்தான் வரணும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பண்ணுவது, அப்பா பிழைக்க வேண்டுமே.

சனிக்கிழமை மாதக் கூட்டம். டாக்டர் நோட்டைப் படித்தார். கூட்டத்துக்கு வரவழைத்திருந்த மகளை நோக்கினார். "நான் ஷிஃப்ட்ல இருந்தேன் சார்," என்றாள் மகள், தரையைப் பார்த்து. தையல் அக்கா எழுந்து நின்றாள். நான் வந்தேன் என்றாள். எழுத்தில் இருப்பதுதான் எடுபட்டது. வாலண்டியர்களின் செயலாளர் ஒரு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். அவரே தர்மசங்கடத்தோடு, "கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா," என்று சொல்லி அவள் கழுத்து அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா நர்ஸின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அட்டையை நீங்களே வச்சுக்கங்க சிஸ்டர். நோட்டை மட்டும் திருத்திடுங்க. வரலன்னு எழுதி வச்சிருக்கீங்க. அந்த மனுஷன் கண்ணு முன்னாடி நான் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்."

"வழியை விடுங்க."

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா யார் பேச்சையும் கேட்காமல் மறுபடி அந்த வீட்டுக்கு நடந்து கிளம்பியிருக்கிறாள். பாதிதான் வர முடிந்தது. கிடங்குச் சுவரை ஒட்டி விழுந்து கிடந்தவளை ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர்தான் பார்த்தார். வெயில், ரத்தக் கொதிப்பு, என்னென்னவோ சொன்னார்கள். உயிர் போன நேரம் சுமார் இரண்டு மணி என்று தாளில் எழுதினார்கள்.

அன்று சாயங்காலமே வாலண்டியர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "அந்த சிஸ்டர் போற வீட்டுக்கு எங்க ஆளுங்க வரமாட்டாங்க சார்." நர்ஸும் விட்டுக் கொடுக்கவில்லை. வராவிட்டால் போகட்டும், இவர்களை நம்பியா நான் படித்தேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை. இரண்டு பத்து. வாய்க்கால் கரை ரோடு.

இப்போது புரிகிறதா நான் எங்கே ஆரம்பித்தேன் என்று?

கிடங்குச் சுவரைத் தாண்டும்போது அவள் வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே விட்டாள். வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே போனாள். டெட்டால் வாடை, புண் வாடை. டிரைவர் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் கையைக் கழுவினாள், கையுறை போட்டாள், கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். குறுக்குத் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. ஆறடி உடம்பை ஒற்றை ஆளாகத் திருப்ப வேண்டும்.

பழக்க தோஷம். எண்ணினாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

கிளிங்.

"...மூணு."

அந்தப் பக்கத் துணி தூக்கியது.

அவள் தூக்கிய அதே உயரம். அதே நேரம். டிரைவரின் உடம்பு எடையே இல்லாதது மாதிரி எழும்பி, பூப்போலத் திரும்பி, ஒருக்களித்துப் படுத்தது. எதிர் ஓரம் அந்தரத்தில் சுருட்டியபடி ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக மெத்தையில் படிந்தது. மிஷின் எண்ணெய் வாசனை... கஞ்சி போட்ட துணி வாசனை... டிரைவரின் கண் எதிர்ப்பக்கத்தில் ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில் போய் நின்றது. அந்தக் கண்ணில் பயமே இல்லை.

நர்ஸ் வாசலுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையுறையோடு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்று ராத்திரி அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். என்னவென்று அண்ணி, அதாவது என் நண்பனின் அக்கா, கேட்டதற்கு வெயில் என்றாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாள் மறுபடி போனாள். போகாமல் எப்படி? புண் ஆறாவிட்டால் கேள்வி அவள் கழுத்துக்குத்தான் வரும். துணியைச் சுருட்டிப் பிடித்தாள், எண்ணினாள். மூணுக்கு அந்தப் பக்கம் தூக்கியது. அதற்கு மறுநாளும் தூக்கியது. ஒரு நாள்கூட முந்தியதில்லை, பிந்தியதில்லை. அவள் மூணு சொல்லாதவரைக்கும் துணி அசையாது.

மனுஷ மனசு எதற்குத்தான் பழகாது? இரண்டு வாரத்தில் அவளுக்குப் பயம் குறைந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு மாதிரி எகத்தாளமே வந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது எதிர்த்து எதிர்த்து நின்றாயே, இப்போது நான் சொன்ன எண்ணிக்கைக்குத்தானே தூக்குகிறாய் என்று வாய்விட்டே சொன்னாளாம். இதையெல்லாம் பிற்பாடு அண்ணியிடம் அவளே சொன்னது.

ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். டாக்டர் வந்து பார்த்து அசந்துபோனார்.

"வாலண்டியரே இல்லாம எப்படி சிஸ்டர் முடிஞ்சுது? இவரைத் தனியா திருப்ப முடியாதே!"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் அவள் கையில்தான் இருந்தது. பேய் தூக்கியது என்று சொல்ல வேண்டாம். தையல் அக்கா அந்த இரண்டு நாளும் வந்தாள், வராதவள் நான்தான் என்று சொன்னால் போதும்.

"எல்லாம் பழக்கம்தான் சார்," என்றாள் நர்ஸ்.

"உங்க பேரை மேல எழுதி அனுப்பப் போறேன்," என்றார் டாக்டர்.

மறுநாள் இரண்டு பத்துக்கு அவள் உள்ளே போனபோது நோட்டு ஆணியில் இல்லை. ஸ்டூலின் மேல் விரித்து வைத்திருந்தது. அந்தப் புதன், வியாழன் பக்கம். நடுவில் சிவப்புப் பேனா, மூடி கழற்றி. வாசனை மூக்கைத் துளைத்தது. கிளிங், கிளிங் என்று சத்தம் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தது... கட்டிலைச் சுற்றி... அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவள் பேனாவைக் கையில் எடுத்தாள்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் கண் முன்னால் வந்தது. டாக்டர் மேலே அனுப்பப்போகும் கடிதம் வந்தது. வாலண்டியர்கள் சிரிக்கிற சிரிப்பு வந்தது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பேனாவைக் கீழே போட்டாள். அந்தப் பக்கத்தைப் பிடித்து டர்ரென்று கிழித்தாள். நாலாக, எட்டாகக் கிழித்து, போகிற வழியில் வாய்க்காலில் போட்டுவிட்டாள்.

கிழித்த அந்த நொடியில் சத்தம் நின்றுவிட்டது. வாசனையும் நின்றுவிட்டது. டிரைவர் முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்வையை எடுத்து நர்ஸைப் பார்த்தார். இமை கொட்டாமல், அவள் கிளம்பிப் போகிற வரைக்கும்.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் டிரைவர் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். முகத்தில் ஒரு வேதனை இல்லை என்று மகள் சொன்னாள். நர்ஸுக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனிமேல் அந்த ரோடு கிடையாது, அந்த வீடு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தன் அறையில் மல்லாக்கப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் விழிப்பு வந்தது. புரண்டு படுக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

கை வரவில்லை. கால் வரவில்லை. கழுத்துக்குக் கீழே உடம்பு மரக்கட்டை. கூப்பிடப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம். ஒன்று ஐம்பது... இரண்டு... இரண்டு ஐந்து...

கிளிங்.

மெத்தை விரிப்பின் வலது ஓரம் தானாகச் சுருண்டது. மெல்ல மேலே எழும்பியது. அவள் இடது பக்கமாகத் திரும்பினாள்... இல்லை, திருப்பப்பட்டாள். முதுகுக்கு ஒரு தலையணை அண்டை கொடுக்கப்பட்டது. பதமாக, பழகின கையாக. அப்புறம்தான் விரல்களுக்கு உயிர் வந்தது. அவள் போட்ட அலறலில் அண்ணி கரண்டியோடு ஓடி வந்தாள்.

திங்கள் அப்படியே. செவ்வாய் அப்படியே. எங்கே இருந்தாலும் சரி, மத்தியானம் ஆனால் உடம்பு விழுந்துவிடும். இரண்டு பத்துக்கு யாரோ வந்து திருப்பிவிட்டால்தான் எழுந்திருக்க முடியும்.

புதன்கிழமை யாரும் வரவில்லை.

இரண்டு பத்து ஆனது. மூன்று ஆனது. கண் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வியர்வை முதுகுக்கு அடியில் தேங்குகிறது. ஒரே இடம் எரிகிறது, எரிந்து எரிந்து மரத்துப்போகிறது. ஐந்தரைக்குத்தான் விட்டது. வியாழனும் அப்படி. வெள்ளிக்கிழமை இரண்டு பத்துக்கு மறுபடி... கிளிங்.

வாரா வாரம் இதே கணக்கு, புதனும் வியாழனும் மட்டும் யாரும் வர மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஸ்கேன், ரத்தம், நரம்பு, எல்லா டெஸ்டும் நார்மல். ஒவ்வொரு வாரமும் விழுகிற நேரம் முன்னால் தள்ளிப் போனது. மத்தியானம் என்பது காலை ஆனது. இரண்டு மாதத்தில் அவள் எழுந்திருப்பதே நின்றுவிட்டது. ஆறடி ஆளைத் திருப்பினவள், ஒரு விரலை அசைக்க முடியாமல் கிடந்தாள். நாக்கு மட்டும் சாயங்காலம் கொஞ்ச நேரம் புரளும். அந்த நேரத்தில்தான் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மின்விசிறி, ஃபோன், மில் வாசல், கிழித்த பக்கம், எல்லாம்.

"எழுதுங்க அண்ணி. நான் சொல்றேன், நீங்க எழுதி ஆபீஸ்ல கொண்டு போய்க் கொடுங்க. அவங்க வந்தாங்க. நான்தான் போகல."

அண்ணி எழுதினாள். கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். போஸ்ட்மாஸ்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் படித்தார். மடித்து அண்ணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நோட்டுல ஒட்டணும்னா அந்தப் பக்கம் இருக்கணுமேம்மா."

அண்ணியை வழியனுப்ப ஒரு வாலண்டியரும் எழுந்திருக்கவில்லையாம்.

அண்ணி நல்லவள். நாத்தனாரோடு அவளுக்கும் ஆயிரம் மனஸ்தாபம் உண்டு, ஆனாலும் விட்டுப் போகவில்லை. உடம்பு துடைக்கும்போது ஒரு நாள் பார்த்தாள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் காசு அளவுக்கு ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று படுத்திருப்பவளுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

"வாரத்துல அஞ்சு நாள் அது வந்து திருப்புதுல்ல. மீதி ரெண்டு நாள் நான் திருப்புறேன். நீ அழாத," என்றாள் அண்ணி.

மறுநாள் புதன்கிழமை. இரண்டு பத்து. அண்ணி ஒரு பழைய துணியை நாலாக மடித்து நாத்தனாருக்கு அடியில் குறுக்கே போட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். ஓரத்தைச் சுருட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

வரவில்லை. உடம்பின் கனம் என்று நினைத்து, காலைக் கட்டில் சட்டத்தில் உதைத்து இன்னொரு தடவை இழுத்தாள். துணி கம்பி மாதிரி விறைத்தது, அவ்வளவுதான். நர்ஸின் கண் எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிலைகுத்தி நின்றது. அண்ணி அவள் உடம்புக்கு மேலாக எட்டிக் குனிந்து பார்த்தாள்.

துணியின் அந்தப் பக்க ஓரம் மெத்தையோடு அழுந்திக் கிடந்தது. அதில் இரண்டு கைப்பிடி அளவுக்குக் கசங்கல். அண்ணி இழுக்க இழுக்க, அந்தக் கசங்கல்கள்... இன்னும் இறுகின.